ஒரு வரிக் கடிதம்

அத்தியாயம் 14

புதன்கிழமை மத்திய வங்கியின் நிலவறையில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது முனீரா ஒரு தாளைப் பார்த்தாள். பார்த்த கையோடு அதை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு மேலே வந்தாள். "இந்தப் பெட்டியை வேற யாருக்காவது குடுங்க" என்று மேலதிகாரியிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "என் வீட்டு ஆளு சம்பந்தப்பட்டது" என்றாள். 

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அம்மா வீட்டு அடுப்படியில் வந்து நின்றாள்.

லுல்வா மச்பூஸ் சோற்றுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது, வங்கிகளின் வக்கீல். பஹ்ரைனில் வங்கி நடத்துகிறவர்கள் பாதிப் பேர், விதிமுறை என்று வந்தால் இன்றும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். மற்ற நாட்களில் சமையல் வேறு ஆளுடையது. வெள்ளிக்கிழமை மட்டும் கரண்டியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று கணவர் ராஷிதின் பழைய வங்கி நண்பர்கள் சாப்பிட வருவார்கள்.

"என்னடி, இவ்வளவு சீக்கிரம்? பிள்ளைங்க எங்க?"

"என் மாமியார் வீட்டுல. உம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க பச்சை மையில கையெழுத்துப் போடுறதை எப்ப நிறுத்துனீங்க?"

கரண்டி ஒரு கணம் நின்றது.

ஒன்பது வருடங்களுக்கு முன் முனீரா மத்திய வங்கியில் வேலைக்குச் சேர்ந்த அன்று லுல்வாவே போட்ட சட்டம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அம்மா வங்கிகளின் பக்கம், மகள் அவற்றைக் கண்காணிக்கும் பக்கம். ஆகவே ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலிலேயே நின்றுவிட வேண்டும். இதுவரை இருவரும் அதை மீறியதில்லை.

"பச்சை மையா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்."

அதிகாரிகளின் முகத்தைப் படித்தே முப்பத்தேழு வருடம் பிழைத்தவர் லுல்வா. மகளின் முகத்தைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிலவறையில் என்ன வேலை நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். எந்தக் கோப்பு, எந்தத் தாள் என்றும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தொண்ணூறுல நிறுத்துனேன்" என்றார். "அந்தக் காஞ்ச எலுமிச்சையைக் கொஞ்சம் உடைச்சுக் குடு."

முனீரா உடைத்துக் கொடுத்தாள். 

*

அந்தப் பச்சை மைப் பேனாவை லுல்வா வாங்கியது எழுபத்தொன்பதில், முதல் சம்பளத்தில்.

கெய்ரோவில் சட்டம் படித்துவிட்டு ஓர் ஆங்கிலேய வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்த புதிது. உலகத்து வங்கிகளெல்லாம் மனாமாவில் கிளை திறக்க அலைமோதிய காலம். அலுவலகத்து ஜன்னலைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும்போல் இருக்கும். இன்று அந்தக் கடலைத் தூர்த்து முப்பது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அப்போது வங்கிகளுக்கான விதிமுறை மொத்தமும் ஒரே ஒரு நீலக் கோப்பில் அடங்கிவிடும். லுல்வா அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். புதிய சுற்றறிக்கை வந்தால் அன்று மாலையே அரபியில் பெயர்த்து, ஓரத்தில் பச்சை மையில் குறிப்பெழுதி, டெலக்ஸ் அறைக்கு ஓடுவார். லண்டனிலிருந்து வரும் வங்கிக்காரர்கள் அவரைப் பார்த்ததும், "வக்கீல் எப்ப வருவார்?" என்று அவரிடமே கேட்பார்கள். "வந்தாச்சு, உக்காருங்க" என்பார்.

எண்பத்தொன்றில் நவ்ரஸ் வங்கி என்று ஒன்று தொடங்க விண்ணப்பம் போட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஒல்லியாக, நெற்றியெல்லாம் வியர்வையோடு ஓர் இளைஞன். தலைமை அலுவலக முகவரி என்ற இடத்தில், 'மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்' என்று எழுதியிருந்தான்.

லுல்வா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏன் சிரிக்கிறீங்க? நிஜமாவே யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்றான் அவன்.

அவன்தான் ராஷித். அடுத்த வருடம் கல்யாணம்.

நவ்ரஸ் வங்கிக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவர் லுல்வா. ஒன்பது வருடம் ஒவ்வொரு படிவத்தையும் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். ராஷித் அங்கே படிப்படியாக ஏறி உதவி மேலாளரானார். இருவரும் ஒரே காரில் போய், ஒரே காரில் திரும்பி, வழியில் கடலோரம் நிறுத்திச் சோளம் வாங்கித் தின்ற வருடங்கள் அவை. பின்சீட்டில் முனீரா தூங்கிப்போயிருப்பாள்.

தொண்ணூறு மார்ச்சில், பெரிய கடன்கள் எதுவும் இயக்குநர்களின் சொந்தக் கம்பெனிகளுக்குப் போகவில்லை என்று லுல்வா சட்டக் கருத்துரை எழுதிக் கொடுத்தார். சேர்மன் மன்சூர் சொன்னதையும் காட்டிய தாள்களையும் நம்பித்தான் எழுதினார். ஆகஸ்டில் குவைத்தில் போர் மூண்டது. ஊரெங்கும் வங்கி வாசல்களில் கூட்டம். அந்த அமளியில் வேறொரு வேலையாகப் புரட்டிய தாள்களில், சேர்மன் சொன்னது பொய் என்பது செப்டம்பர் கடைசியில் லுல்வாவுக்குத் தெரிந்தது.

நேராகச் சேர்மனிடம் போனார். "மூணு நாளுக்குள்ள நீங்களே போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றார். சேர்மன் காபி வரவழைத்தார். அழகாகப் பேசினார். போகவில்லை.

நான்காம் நாள் லுல்வா, இன்று மத்திய வங்கியாகிவிட்ட கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினார். 'கடந்த மார்ச்சில் நான் அளித்த கருத்துரையைத் திரும்பப் பெறுகிறேன். இனி அதை நம்ப வேண்டாம்.' கீழே பச்சை மையில் கையெழுத்து. காரணம் எழுதவில்லை. கட்சிக்காரர் ரகசியத்தை வெளியிட வக்கீலுக்கு உரிமையில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மறுநாளே ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள்.

பணம் போட்டவர்கள் தப்பித்தார்கள். வங்கி மூடியது. நாற்பது பேருக்கு வேலை போனது. அதில் ஒருவர் ராஷித்.

*

ஜும்ஆ தொழுகை முடிந்து, மஜ்லிஸ் என்ற விருந்தினர் கூடத்தில் தாம்பாளத்தைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல ஜாசிம்தான் தொடங்கினார். நவ்ரஸில் காசாளராக இருந்தவர். குரலைக் கேட்டால் இன்றும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கூப்பிடுவதுபோலத்தான் இருக்கும். ராஷிதை 'பூ முனீரா', அதாவது முனீராவின் அப்பா, என்றுதான் அழைப்பார்.

"பூ முனீரா, நேத்து முஹர்ரக்குல அல்வாக் கடையில யாரைப் பார்த்தேன் தெரியுமா? பதரை."

சிறுவயது நண்பரும் நவ்ரஸில் உடன் வேலை பார்த்தவருமான பதரின் பெயரைக் கேட்டதும் ராஷித் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டார்.

"அவன் பேச்சு இங்க வேணாம்."

"எப்பப் பார்த்தாலும் உன்னைத்தான் விசாரிக்கிறான்ப்பா. ராஷித் எப்படி இருக்கான், மீன் பிடிக்கப் போறானான்னு. நமக்கும் வயசாகுது. ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டா என்ன?"

"நாப்பது குடும்பத்தைத் தெருவுல நிறுத்தினவனை என் தாம்பாளத்துல உக்கார வைக்கணுமா? அவன் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

காபிக் கூஜாவோடு வந்த முனீரா அங்கேயே நின்றாள்.

"பாபா, காட்டிக்குடுத்தது அவருதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதென்னம்மா கேள்வி? ஆய்வாளருங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவங்க ஆபீஸ் படிக்கட்டுல அவன் இறங்கி வந்ததை இந்த ஜாசிமே பார்த்திருக்கான். கேட்டா, சித்தப்பா பையனைப் பார்க்கப் போனேன்னான். மூணே மாசத்துல வேற வங்கியில வேலை. எனக்கு? எவனும் வேலை குடுக்கல. தூண்டில் முள்ளு வித்தேன்!"

"நல்லாதான வித்தே" என்றார் ஜாசிம். "உன்கிட்ட வாங்கின தூண்டில்ல மீனைத் தவிர எல்லாம் மாட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ராஷிதும் சிரித்தார். முனீரா மட்டும் சிரிக்கவில்லை. கூஜாவை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவுக்குப் பின்னால் லுல்வா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"உம்மா" என்றாள் முனீரா மெதுவாக. "நான் ஒண்ணும் பார்க்கல. எதையும் சொல்லவும் மாட்டேன். அது என் வேலை. ஆனா பதர் மாமா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் கப்பல் காட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆறு வயசுல திடீர்னு அவரு வர்றதை நிறுத்திட்டாரு. ஏன்னு யாரும் எனக்குச் சொல்லல."

லுல்வா மஜ்லிஸ் கதவை மெல்லச் சாத்தினார்.

"ரகசியம் காக்கறதுன்னா என்னன்னு நீங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தீங்க" என்றாள் மகள். "அதுக்கு இன்னொருத்தர் விலை குடுக்கலாமான்னு மட்டும் சொல்லித் தரல."

அபாயாவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

பிற்பகல் அஸர் தொழுகைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ராஷித் திரும்பி வந்தபோது லுல்வா மஜ்லிஸில் காலிக் கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவர் உட்காராத இடம்.

"என்ன, கோப்பையை எண்ணிட்டிருக்கியா?"

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"பொண்ணு எங்க? கோவமா போன மாதிரி இருந்தது."

"ராஷித், அந்தக் கடிதம் நான் குடுத்தது."

"எந்தக் கடிதம்?"

"நவ்ரஸைப் பத்தி. தொண்ணூறு அக்டோபர்ல. பதர் இல்ல. நான்."

ராஷித் முதலில் சிரிக்கப் பார்த்தார். லுல்வாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெதுவாகத் திண்டில் சாய்ந்தார்.

"நீ அவங்க வக்கீலு."

"அதனாலதான். என் கையெழுத்தைக் காட்டி அவங்க ஒரு விஷயத்தை நம்ப வெச்சிருந்தாங்க. அந்தக் கையெழுத்தை நான் திருப்பி வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

"என்ன விஷயத்தை?"

"அதை இன்னிக்கும் நான் சொல்லக் கூடாது."

"நான் உன் கட்சிக்காரன் இல்ல லுல்வா. உன் புருஷன்."

"தெரியும். அந்த மூணு நாளும் உங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன். முனீராவுக்கு ஸ்கூல் பணம் கட்டணும்னு நீங்க சொன்னீங்க. சரின்னேன். உங்க வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்சே சரின்னேன். ஆரம்பத்துல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் வருஷம் போச்சு. சொல்றதுக்குப் பயமா ஆயிடுச்சு."

ராஷித் ஒரு காலிக் கோப்பையை எடுத்துக் கையில் உருட்டினார். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார் லுல்வா. அது வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"வேலை போனதைச் சொல்லல நான்" என்றார் ராஷித் கடைசியில். "கடை வெச்சேன். கடல் பக்கத்துலயே இருந்தேன். யோசிச்சா அந்த வங்கியில இருந்ததைவிட நல்லாத்தான் இருந்தேன். நீ செஞ்சது தப்புன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"பதரோட அம்மா செத்துப்போனப்ப நான் போகல."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுல அடுப்பு எரியாத நாள்லாம் அந்த அம்மா கையால சாப்பிட்டவன் நான். ஜனாஸா எங்க தெரு வழியாத்தான் போச்சு. கடை ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். நீ வீட்டுல இருந்த. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை. 'அவன் இல்ல'ன்னு. அதுக்கு எந்தச் சட்டம் குறுக்க நிக்குது?"

எந்தச் சட்டமும் நிற்கவில்லை. அது லுல்வாவுக்கு அன்றே தெரியும். 

"தப்புதான்" என்றார்.

ராஷித் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"வா."

"எங்க?"

"உன் கையெழுத்து. நீதான் வந்து சொல்லணும்."

*

முஹர்ரக் பாலத்தில் வெள்ளிக்கிழமை நெரிசல்.  இதே பாலத்தில் இதே இருவரும் விண்ணப்பப் படிவத்து அரைப்புள்ளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டே போன நாட்கள் லுல்வாவுக்கு நினைவு வந்தன. அப்போது பதரும் பின்சீட்டில் இருப்பார். "ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு வீட்டுல சண்டை போடுங்கப்பா, எனக்குத் தலை வலிக்குது" என்று முதலில் சொன்னதே அவர்தான்.

பதரின் வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சாயும் மக்ரிப் பாங்கு ஒலித்தது. ராஷித் கதவைத் தட்டக் கை தூக்கினார். தட்ட முடியவில்லை. லுல்வா தட்டினார்.

பதரே திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று கழுத்தில். ராஷிதைப் பார்த்தார். பிறகு லுல்வாவைப் பார்த்தார்.

"யாராவது மௌத்தாப் போயிட்டாங்களா?" என்றார்.

"இல்ல" என்றார் லுல்வா. "பூ காலித், நவ்ரஸ் பத்தி அன்னிக்கு எழுதிக் குடுத்தது நான். உங்க மேல பழி வந்தப்ப நான் வாயைத் திறக்கல. இத்தனை வருஷமும் திறக்கல. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

பதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு அந்த ஆபீஸ்ல வேலை பார்த்த சித்தப்பா பையனைப் பார்க்கத்தான் நிஜமாவே போனேன்" என்றார். "அவனுக்குக் கல்யாணம். சட்டை வாங்கிக் குடுத்தேன். நூறு தடவை சொன்னேன். ஒருத்தனும் நம்பல."

"பதர்..." என்றார் ராஷித்.

"நீ பேசாத. நீ கடைசியா வா." பதர் லுல்வா பக்கம் திரும்பி, வக்கீலம்மாவை ஊரார் அழைக்கும் மரியாதையோடே பேசினார். "உஸ்தாதா, நீங்க தைரியமா வந்து சொல்லிட்டீங்க. ஆனா என்னைத் துரோகின்னு சொன்னது இவன் மட்டும் இல்ல. என் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போன இடத்துல எல்லாம் அந்தப் பேச்சுதான் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நவ்ரஸ் ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. யாரு குடுத்தான்னு மட்டும் இல்ல, ஏன் குடுத்தீங்கன்னும் சொல்லுங்க. காரணம் சொல்லலன்னா, புருஷனோட சிநேகிதனைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னுதான் பேசுவாங்க."

"சரி" என்றார் லுல்வா.

"சொன்ன பிறகு, இவனை நான் உள்ள விடுறதா வேண்டாமான்னு பார்க்கிறேன்."

கதவை மூடினார். அறைந்து மூடவில்லை. ராஷித் அந்த மூடிய கதவின் மேல் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நடந்தார்.

கார் பாலத்தை நெருங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"சரின்னு சொல்லிட்டே. என்கிட்டகூடச் சொல்லாத காரணத்தை எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்லுவ?"

"அந்த ரகசியம் என்னோடது இல்ல. அதுக்குச் சொந்தக்காரர் அனுமதி குடுத்தா சொல்லலாம்."

"யாரு?"

"சேர்மன் மன்சூர்."

ராஷித் காரை ஓரம் கட்டிவிட்டார். "அந்த மனுஷன் இன்னும் உயிரோட இருக்காரா?"

"எண்பத்தொன்பது வயசு. போன செவ்வாய்க்கிழமை அவரே எனக்கு போன் பண்ணாரு."

"இத்தனை வருஷம் கழிச்சா? எதுக்கு?"

"தெரியல. பேரைப் பார்த்ததும் போனைக் கவுத்து வெச்சுட்டேன். எடுக்கல."

ராஷித் அவரைத் திரும்பிப் பார்த்தார். எந்த வங்கிக்காரரின் போனையும் லுல்வா எடுக்காமல் விட்டு அவர் பார்த்ததில்லை. இன்ஜினை அணைத்தார்.

லுல்வா கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"உஸ்தாதா லுல்வாவா?" வயதான, ஆனால் இன்னும் அழகாகவே பேசும் குரல். "நீங்க கூப்பிடுவீங்கன்னு செவ்வாய்க்கிழமையிலேர்ந்து போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."